குதிரைவால்

ஒவியேதோ ஊர்ச் சந்தைக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருகிற எவனும் இடுப்பு வலிக்கிறது என்று சொன்னதாகச் சரித்திரம் கிடையாது. மூட்டை தூக்கி முதுகு பிடித்துக்கொண்டாலும் கிட்னிதான். நாள் முழுக்க லாரி ஓட்டி முதுகின் அடிப்பக்கம் குடைந்தாலும் கிட்னிதான். ஒன்றுக்குப் போகும்போது எரிந்தாலும் அதே கிட்னிதான். "ஞா ஒப்துலியா, கிட்னி பிராணனை வாங்குது" என்று அவள் மூலிகைக் கடை முன்னால் வந்து நிற்பான். ஞா என்பது அங்கே பெரிய மனுஷிக்குத் தருகிற மரியாதை. அவளும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கமாட்டாள். ஒரு கட்டு குதிரைவாலை எடுத்து மர உரலில் போட்டு நாலு இடி இடித்து, அவன் நீட்டுகிற தண்ணீர்க் குடுவைக்குள் திணித்துக் கொடுத்துவிடுவாள்.

குதிரைவால் என்பது ஓடையோரம் முளைக்கிற செடி. இலையே கிடையாது, வெறும் பச்சைத் தண்டு, கணுக்கணுவாக இருக்கும். குடித்தால் தாராளமாக ஒன்றுக்குப் போகும், அதில் பொய்யில்லை. அவளிடம் வாங்கிக் குடித்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஒரு மாதம் ஒன்றரை மாதத்தில் வலி போய்விடும். வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு மூலிகையைப் புகழ்வார்கள். அந்த ஒன்றரை மாதம் மூட்டை தூக்காமல் இருந்தார்களே, அதைப் புகழ்ந்தவன் ஒருவனும் இல்லை.

அவள் புருஷன் இரேனேயோ, அதே சந்தையில் வெங்காய மண்டியில் மூட்டை இறக்குகிறவன். ஐம்பத்தெட்டு வயதாகியும் இளவட்டங்களோடு பந்தயம் கட்டி மூட்டை தூக்குகிற வீம்பு. பிள்ளைகள் இரண்டு பேரும் புவெனோஸ் ஐரெஸில் கட்டட வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஐந்து வருடத்துக்கு முன்னால் இரேனேயோவுக்கும் இந்தக் 'கிட்னி' வந்தது. இடது பக்கப் புட்டத்திலிருந்து கெண்டைக்கால் வரை சுண்டி இழுத்தது. தலைநகரத்துக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பின் அடிப்பக்கத்தில் இரண்டு எலும்புக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற ஜவ்வு பிதுங்கி, காலுக்குப் போகிற நரம்பைத் தொடுகிறது என்றார் டாக்டர். முதலில் ஓய்வும் மருந்தும், அதிலும் தணியாவிட்டால் கட்டைவிரல் அகலத்துக்கு வெட்டி, குழாய் வழியாகப் பிதுங்கினதை மட்டும் எடுத்துவிடலாம், பெரும்பாலும் மறுநாளே நடந்து வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார். நடந்து போகலாமாம்! சந்தையில் யாரிடம் சொன்னாலும் கறிக்கடை சிரிலோவைத்தான் காட்டினார்கள். அவனுக்கு ஒரு எலும்பு இன்னொன்றின்மேல் சறுக்கிவிட்டது என்று கம்பியும் திருகாணியும் வைத்துக் கட்டினார்கள், அதன் பிறகு சக்கர நாற்காலிதான். ஆபரேஷனுக்கு முன்பே ஒரு வருடமாக அவனுக்குக் கால் விளங்காமல் கிடந்ததை எல்லோரும் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். முதுகில் கத்தி வைத்தால் ஆள் அவ்வளவுதான் என்பது ஊர்த் தீர்ப்பு. ஒப்துலியா தினமும் குதிரைவால் இடித்துக் கொடுத்தாள். வலி போயே போய்விட்டது. ஸ்கேன் படம் அலமாரிக்குப் பின்னால் போனது, அவள் பேர் பக்கத்து ஊர் வரைக்கும் போனது.

தினமும் பத்து மணி வாக்கில் லாரிகள் ஓய்ந்ததும் இரேனேயோ அவள் கடைக்கு வந்து உட்காருவான். இரண்டு பேரும் தெரெரே குடிப்பார்கள். மாட்டுக்கொம்புக் குவளையில் இலைத்தூள், அதன்மேல் மூலிகை போட்ட ஐஸ் தண்ணீர், இரண்டு பேருக்கும் ஒரே உறிஞ்சுகுழல். அவள் ஊற்றித் தருவாள், அவன் உறிஞ்சிவிட்டுத் திருப்பித் தருவான், அடுத்தது அவளுக்கு, மறுபடி அவனுக்கு. இதில் யாரும் நன்றி சொல்லக் கூடாது. நன்றி என்றால் எனக்குப் போதும், இனி ஊற்றாதே என்று அர்த்தம். சொன்னவனைத் தாண்டிக் குவளை போய்விடும். இரேனேயோ கல்யாணமான நாளிலிருந்து அவள் கையில் குடித்துவிட்டு அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. குடுவை காலியாகி அவள் மூடியைத் திருகினால், "நான் இன்னும் நன்றி சொல்லல கிழவி, அதுக்குள்ள எங்க எந்திரிக்கிற?" என்பான். அவர்களுக்குள் கொஞ்சல் என்று இருந்தது அது ஒன்றுதான். அவளுக்கு அது போதுமாகவும் இருந்தது.

அங்கே ஜனவரிதான் கோடை. வெயில் மண்டையைப் பிளக்கிற ஒரு வியாழக்கிழமை, இரேனேயோ பந்தயத்துக்கு இரண்டு மூட்டையை ஒன்றாகத் தூக்கினான். இடுப்புக்குள் என்னவோ படக்கென்று விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் கடைக்கு வந்து சேர்ந்தான். ஒப்துலியாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நாலு பேர் பார்க்க, பேரன் எடுக்கிற வயதில் உனக்கு என்ன மைனர் விளையாட்டு என்று ஆரம்பித்து, வாயில் வந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்துவிட்டாள். வெங்காய மண்டிப் பயல்கள் சிரித்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அவன் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. சந்தைக்குக் கிளம்புமுன் அவள் கட்டிலோரம் உட்கார்ந்து தெரெரே ஊற்றிக் கொடுத்தாள். முதல் குவளையைக் குடித்தான். இரண்டாவதைப் பாதி உறிஞ்சிவிட்டு நீட்டினான்.

"நன்றி" என்றான்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஓகோ, நேற்றுத் திட்டியதற்கு இன்றைக்குப் பழி வாங்குகிறாயா, வாங்கிக்கொள். மூடியைத் திருகினாள், கூடையை எடுத்தாள், ஏன் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பிப் போய்விட்டாள். அவள் கண் விழிக்குமுன்பே அவன் குளியலறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதும், அடிவயிறு கல்லாக இருந்தும் ஒரு சொட்டு இறங்காததும், அதனால்தான் தண்ணீரைப் பார்த்தாலே அவனுக்குப் பயமாக இருந்ததும் அவளுக்கு எப்படித் தெரியும்? கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

சாயங்காலம் அவனே வாயைத் திறந்தான். கிட்னி அடைத்துக்கொண்டது, ஒன்றுக்கு இறங்கமாட்டேன் என்கிறது என்றான். அவள் கோபமெல்லாம் பறந்துவிட்டது. குதிரைவாலை இரண்டு கைப்பிடி எடுத்து, சோளக் கதிரின் நாரையும் சேர்த்து நைய இடித்து, ஒரு பெரிய சொம்பு நிறையக் கொடுத்தாள். மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் குடித்தான். சனிக்கிழமை கால் வலி சுத்தமாக இல்லை என்றான். காகுபே மாதா கண் திறந்துவிட்டாள் என்று அவள் மெழுகுவர்த்தி ஏற்றினாள். வலி போன இடத்தில் மரத்துப்போயிருந்தது என்பதையும், உட்காருகிற இடமே தன்னுடையது இல்லாத மாதிரி ஆகிவிட்டது என்பதையும் அவன் சொல்லவில்லை. கிட்னி என்று பெண்டாட்டியிடம் சொல்லலாம். இதை எந்த வாயால் சொல்வான்?

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது படுக்கை நனைந்திருந்தது. ஒப்துலியாதான் முதலில் கண்டாள். கண்டதும் கையைத் தட்டினாள்.

"இறங்கிடுச்சு! பாரு கிழவா, கிட்னி தொறந்துடுச்சு பாரு!"

அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அவள் விரிப்பை உருவிக்கொண்டு போய் முற்றத்துக் குழாயடியில் போட்டுத் துவைத்தாள். கல்யாணத்தில் ஆடின பழைய பாட்டொன்றைப் பாடிக்கொண்டே துவைத்தாள். தெருவில் போகிறவர்கள் பார்க்கட்டும் என்று கொடியில் விரித்துக் காயப்போட்டாள். கோழியடித்து, சோளமாவு உருண்டை போட்டு சூப் வைத்தாள். அன்றைக்கு அவளைப் போல சந்தோஷமாக அந்தத் தெருவில் யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

திங்கட்கிழமை அவன் பிடிவாதமாகச் சந்தைக்கு வந்தான். மண்டி வாசலில் இடது காலிலிருந்து செருப்பு கழன்று பின்னால் கிடந்தது, அவனுக்குத் தெரியவில்லை. வெறுங்காலோடு கொதிக்கிற தார் ரோட்டில் நாலு அடி வைத்தவன் அப்படியே மடங்கி விழுந்தான். மண்டிக்காரர் தன் வண்டியில் போட்டு ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு உடனே ஒன்றுக்குப் போகக் குழாய் வைத்தார்கள். தேங்கிக் கிடந்தது வந்தது, வந்துகொண்டே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை படுக்கையை நனைத்தது நிரம்பி வழிந்த தண்ணீர், திறந்துகொண்டதல்ல. அதை அங்கே இருந்த நர்ஸ் சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். ஒப்துலியா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸில் தலைநகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே ஃப்ரேதெஸ் என்று ஒரு பெண் டாக்டர், முதுகெலும்பு ஆபரேஷன் செய்கிறவள், மிஞ்சினால் முப்பத்தைந்து வயது இருக்கும். இரேனேயோவின் கால் கட்டைவிரலை மடக்கிப் பார்த்தாள். வெளிக்குப் போய்த் துடைத்துக்கொள்ளும்போது உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்டாள். அவன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஊசியால் குத்தினாலும் தெரியாது என்று மெதுவாகச் சொன்னான். ஒப்துலியா அதை அப்போதுதான் முதல்முதலாகக் கேட்கிறாள். ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் நடைவழியில் வேகமாக வந்து அவள் முன்னால் நின்றாள்.

"அம்மா, உங்க வீட்டுக்காரருக்குக் குதிரைவால். இப்பவே ஆபரேஷன் பண்ணியாகணும்."

ஒப்துலியா சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்கேனில் அதுகூடவா தெரிகிறது?

"ரெண்டு கைப்பிடிதான் போட்டேன் டாக்டரம்மா" என்றாள். "சோள நாரு கொஞ்சம். வேற ஒண்ணும் கலக்கல. ஊரே குடிக்குது. யாருக்கும் ஒண்ணும் ஆனதில்ல. மாதா மேல சத்தியம்."

டாக்டர் ஒரு கணம் விழித்தாள். அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது. நேரமில்லாதவள்தான், ஆனாலும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையில் கட்டியிருந்த பச்சைத் துணியை அவிழ்த்து, பின்னால் ஒன்றாகக் கட்டித் தொங்கவிட்ட கூந்தலை முன்னால் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"இதை என்னன்னு சொல்வோம்?"

"குதிரைவால்."

"முதுகுத்தண்டு பாதியிலேயே முடிஞ்சிடும்மா. அதுக்குக் கீழ நரம்பெல்லாம் இந்த மாதிரிதான் கத்தையாத் தொங்கும். அதுக்கும் இதே பேருதான். காலு, ஒண்ணுக்கு, ரெண்டுக்கு, புருஷன் பொண்டாட்டி விஷயம், எல்லாம் இதுக்குள்ளதான் போகுது." கூந்தலை முஷ்டிக்குள் இறுக்கிப் பிடித்துக் காட்டினாள். "ஜவ்வு வெடிச்சு உள்ள விழுந்து இப்படி நெரிச்சுக்கிட்டிருக்கு. பின்பக்கம் திறந்து, மேல மூடியிருக்கிற எலும்பைக் கொஞ்சம் எடுத்துட்டு, அந்த ஜவ்வுத் துண்டை வெளியே எடுத்துடுவேன். கம்பி கிம்பி ஒண்ணும் வேண்டாம்."

சிரிலோவின் நினைப்பு வந்தது ஒப்துலியாவுக்கு. ஆனால் அதைக் கேட்கவில்லை. நடப்பானா என்றுதான் கேட்டாள். கால் அநேகமாக வந்துவிடும், மற்றதுக்குத் தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றாள் டாக்டர். பிறகு பேனாவை எடுத்தாள்.

"ஒண்ணுக்கு எப்ப நின்னுச்சு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போது பாதிக் குவளையை நீட்டிய அந்தக் கை ஞாபகம் வந்தது. நன்றி என்ற குரல் ஞாபகம் வந்தது. தண்ணீர் உள்ளே போகப் பயந்தவன் சொன்ன சொல் அது. அவளோ அதை வீம்பு என்று எடுத்துக்கொண்டு கூடையைத் தூக்கினாள்.

"வெள்ளிக்கிழமை காலைல" என்றாள்.

டாக்டர் விரல்விட்டு நாளை எண்ணிப் பார்த்தாள். அன்றைக்கே, மிஞ்சிப்போனால் மறுநாளே வந்திருந்தால் என்று ஆரம்பித்து, பாதியிலேயே விட்டுவிட்டாள்.

"அப்ப என் மூலிகை, டாக்டரம்மா?"

"உங்க மூலிகை ஒண்ணும் பண்ணலம்மா" என்றாள் அவள், ஆறுதலாகத் தோளைத் தொட்டு. ஆறுதலாகத்தான் சொன்னாள். ஒப்துலியா அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து அந்த ஒரு வாக்கியத்தை இரண்டு விதமாகவும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. டாக்டர் சொன்ன மாதிரி கால் வந்தது. மூன்றாம் வாரம் கம்பைப் பிடித்து நடந்தான், ஈஸ்டருக்குள் கம்பில்லாமல் நடந்தான், இடது பாதம் மட்டும் கொஞ்சம் தேய்ந்தது. முதுகில் கத்தி வைத்தும் நடக்கிறானே என்று ஒவியேதோ அதிசயித்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கிட்னி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

மற்றது வரவில்லை. நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு தடவை அவன் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, மெல்லிய குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போவான். கதவைத் தாழ் போட்டுக்கொள்வான். அவள் உதவட்டுமா என்று கேட்டதற்கு ஒரு பார்வை பார்த்தான், அப்புறம் அவள் கேட்கவில்லை. சந்தைப் பக்கமே அவன் போகவில்லை. எந்த நேரத்தில் எது கசியும் என்று தனக்கே தெரியாதவன் நாலு பேர் நடுவில் எப்படிப் போய் உட்காருவான்? இராத்திரி படுக்கையில் அவளுக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான். நரம்புக்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தாள், ஒவ்வொரு தடவை பரிசோதனைக்குப் போகும்போதும் அவர்கள் நம்பிக்கையோடுதான் போனார்கள். ஆகஸ்ட் மாதம் டாக்டர், இனி இதோடு வாழப் பழகிக்கொள்வது நல்லது என்று சொன்னாள்.

ஒப்துலியா குதிரைவால் விற்பதை நிறுத்திவிட்டாள். கிட்னி என்று வந்து நிற்கிறவனிடம், காலிரண்டும் மரத்துப்போகிறதா, உட்காருகிற இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டாள். கிழவிக்கு என்ன கேள்வி பார் என்று சிரித்துக்கொண்டு அவர்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். கொம்புக் குவளையை அவள் அடுப்படி மேல்தட்டில், சட்டிக்குப் பின்னால் வைத்துவிட்டாள். அவனுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கண்ணாடித் தம்ளரில் கொடுத்தாள். அந்த வார்த்தையை இன்னொரு தடவை கேட்கிற தைரியம் அவளுக்கு இல்லை.

அக்டோபரில், வெயில் மறுபடி ஏற ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் சந்தையிலிருந்து வந்தபோது முற்றத்து மாமரத்தடியில் இரண்டு நாற்காலி போட்டிருந்தது. இரேனேயோ ஒன்றில் உட்கார்ந்திருந்தான். மடியில் கொம்புக் குவளை இருந்தது. எப்படித் தேடி எடுத்தானோ. இலைத்தூள் நிரப்பி, குடுவையில் ஐஸ் தண்ணீரும் தயாராக வைத்திருந்தான். மூலிகை எதுவும் போடவில்லை.

அவள் உட்கார்ந்தாள். ஊற்றிக் கொடுத்தாள். அவன் உறிஞ்சினான். அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. ஒன்பது மாதமாக நெஞ்சில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தது அத்தனையும் வெளியே வந்தது.

"நான்தான் உன்ன இப்படி ஆக்கிட்டேன். வெள்ளிக்கிழமை நீ நன்றின்னு சொன்னப்பவே ஏன்னு கேட்டிருக்கணும். கேக்கல. அதுக்கப்புறம் அந்தப் பாழாப்போன தழையை வேற இடிச்சு இடிச்சு ஊத்தினேன்."

அவன் குவளைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"படுக்கை நனைஞ்சது எனக்குத் தெரியல கிழவி. சூடு தெரியல, ஈரம் தெரியல. நீ கையைத் தட்டினப்புறம்தான் குனிஞ்சு பாத்தேன். அப்பவே புரிஞ்சுபோச்சு, இது கிட்னி இல்ல, உள்ள என்னமோ செத்துப்போச்சுன்னு."

"அப்ப ஏன்யா சொல்லல? அன்னைக்காவது போயிருக்கலாமே. ஏன் சொல்லல?"

அவன் குழாயடியைப் பார்த்தான். கொடியில் இன்றைக்கும் ஏதோ துணி காய்ந்துகொண்டிருந்தது.

"நீ பாடிக்கிட்டிருந்தே" என்றான். "எத்தனையோ வருஷத்துக்கப்புறம் பாடிக்கிட்டிருந்தே. நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்துட்டேன்."

ஒப்துலியா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் அவளை அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. அந்தப் பாட்டின் ஒவ்வொரு வரியும் அவளுக்கு ஞாபகம் வந்தது, சோப்பு நுரை ஞாபகம் வந்தது, தெருவில் போனவர்கள் பார்க்க விரித்துப் போட்டது ஞாபகம் வந்தது. சன்னல் வழியாகப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவனின் முகம் மட்டும் எவ்வளவு நினைத்தும் ஞாபகம் வரவில்லை. அன்றைக்கு அவள் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

இரேனேயோ மிச்சத் தண்ணீரைச் சத்தம் வர உறிஞ்சிக் காலி செய்தான். குவளையை அவள் முழங்கைக்கு அருகே நீட்டினான். அவள் எடுக்கவில்லை. அவன் கையை இறக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தான்.

"நான் இன்னும் நன்றி சொல்லல கிழவி" என்றான். "ஊத்து."

அவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு குவளையை வாங்கினாள். குடுவை காலியாகும்வரை ஊற்றினாள்.